சலாம் போடும் கை

வலக்கையில் அன்னையின் பெயர். நான்கே எழுத்து. பதினாறாம் வயதில், ஊர்த் திருவிழாவில், நண்பர் புடைசூழ நின்று குத்திக்கொண்டது. எழுத்துத் தேர்வில் தேறினான். ஓடச் சொன்னார்கள், ஓடினான். உயரம் அளந்தார்கள், சரி. மார்பு அளந்தார்கள், அதுவும் சரி. மருத்துவச் சோதனையில் கையைத் திருப்பிப் பார்த்தார்கள், அத்தோடு முடிந்தது. சலாம் போடும் கையில் பச்சை கூடாதாம்! இவன் ஒருவன் அல்லன், தோழர்களே! அழித்துவிட்டு வருகிறோம், அவகாசம் கொடுங்கள் என்று உயர்நீதிமன்றப் படியேறிய இளைஞர்களும் இந்நாட்டில் உண்டு.

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆளெடுக்கும் அறிவிப்புகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். இடது முன்கையின் உட்புறத்தில் பச்சை இருக்கலாம், புறங்கையில் இருக்கலாம், அவ்வுறுப்பின் கால் பாகத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். இடமும் அளவும் போகட்டும். சீருடைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பர், அதனை நாம் பெரிதுபடுத்தவில்லை. எதைக் குத்தியிருக்கலாம் என்று கூறும் வரி இருக்கிறதே, அதுதான் விந்தையிலும் விந்தை! நாடு மதச்சார்பற்ற நாடாம். ஆகவே மக்களின் மத உணர்வை மதிக்கவேண்டுமாம். ஆதலால் மதச் சின்னமும் உருவமும் பெயரும் ஏற்கப்படுமாம்! மதச்சார்பின்மை என்னும் விதையை ஊன்றி, மதச் சின்னம் என்னும் கனியைப் பறிக்கும் வித்தையை வேறெங்கே காண்போம்? வேலும் சூலமும் சிலுவையும் பிறையும் நிமிர்ந்து உள்ளே நடக்கலாம். கருஞ்சட்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒரேயொரு கேள்விக்குறியைக் குத்திக்கொண்டு போய் நின்றால், அவனுக்கு அந்த வரியில் இடம் எங்கே?

தோல் எவருடையது என்ற கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததன்று. கோயிலுக்கு விடப்பட்ட பெண்ணின் உடலிலே சூல முத்திரை பொறித்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டே கூறுகிறது. வெள்ளையன் வந்தான், ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியிலே குற்றத்தைக் குத்தி வைக்க 1797 இல் வங்காளத்தில் விதி செய்தான், 1849 இல்தான் அதனைக் கைவிட்டான். நம் பாட்டிமார் கதை இன்னொன்று. கணவன் பெயரை வாயால் உச்சரித்தால் அவன் ஆயுள் குறையுமாம், கையிலே குத்திக்கொண்டால் குறையாதாம்! செத்த பின்பும் உடன் வருவது பச்சை ஒன்றே என்று சொல்லிச் சொல்லிக் குத்தினார்கள்.

குத்தியவள் யார்? கூடை சுமந்து தெருத்தெருவாய் வந்த குறத்தி. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் திரியாய்ச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, புகைக்கரியைச் சட்டியில் பிடித்து மையாக்கும் தொழில் நுட்பம் அவள் கையில் இருந்தது. கோலமும் தேளும் வழித்தெடுத்தாற்போல் விழும். அந்தக் கலைஞியின் இனத்தைக் குற்றப் பரம்பரை என்று எழுதி வைத்தது சட்டம். இன்று ஊசி மின்சாரத்தில் ஓடுகிறது; குளிரூட்டிய அறையில் ஆயிரக்கணக்கில் பணம் புரள்கிறது. குறத்தி குத்தினால் நாகரிகமின்மை, நடிகர் குத்திக்கொண்டால் நாகரிகம்! பச்சை அதே பச்சைதான், பார்க்கும் கண்ணுக்குத்தான் சாதி இருக்கிறது.

கடல் கடந்தும் இதே கண்தான். நியூசிலாந்தின் விமானக் கம்பெனி, அந்நாட்டு முதுகுடிகளான மவோரி மக்களின் சுருள் வடிவத்தைத் தன் விமானங்களின் வாலிலே தீட்டிப் பெருமை கொண்டது. அதே மரபுக் கோலத்தைத் தோலிலே தாங்கிய மவோரி மகள் சீருடை அணிந்து அவ்விமானத்தில் பணி செய்யக் கூடாது என்றது! 2019 செப்டம்பரில்தான் அத்தடை நீங்கிற்று. 2021 இல், தாடையில் குலக்கோலம் தாங்கிய ஒரினி கைபாரா என்ற மங்கை, தொலைக்காட்சியின் முதன்மை நேரத்தில் செய்தி வாசித்தார். செய்தி ஒன்றும் பொய்யாகிவிடவில்லை.

நம் பாசறைத் தோழரிடமும் ஒரு சொல் உண்டு. மார்பகத்தைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண்ணுக்கு மருத்துவம் மையால் முலைக்காம்பு வரைந்து தருகிறது. வெண்புள்ளி கண்ட உதட்டுக்கு நிறம் ஏற்றுகிறது. கண்ணாடி முன் நிற்கக் கூசியவர் நிற்கிறார். இதை நம்பிக்கை என்கிறோம், போற்றுகிறோம். ஆனால், தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதே புயத்தில் சிங்கத்தைக் குத்திக்கொண்டு, இனி எனக்கு அச்சமில்லை என்பானேல், கயிறு போய் மை வந்தது; வேறென்ன மாறிற்று? தலைவரின் முகத்தை நெஞ்சிலே குத்திக்கொண்டு, அவர் எழுதிய நூலில் ஒரு பக்கமும் புரட்டாத தோழரையும் நாம் அறிவோம். அவரிடம் சினம் இல்லை, வருத்தம்தான்.

இருப்பினும், அவர் குத்திக்கொண்டது அவர் தோலில். மடமை என்று நாம் வாதாடலாம். அதற்காக அவர் சோற்றில் கைவைக்க எவருக்கும் உரிமை இல்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா, கணக்கெழுதத் தெரியுமா, ஊசி போடத் தெரியுமா? அதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, சூலத்துக்குத் திறக்கும் கதவைக் கேள்விக்குறிக்கும் திறந்து வையுங்கள். இல்லையேல் அந்த வரியிலிருந்து மதச்சார்பின்மை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

அந்த இளைஞன் இப்போது லேசர் ஒளிக்குக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். ஒளி மையை உடைக்கும். உடைந்த துகளை உடலே மெல்ல மெல்ல அகற்றும். ஒரு முறையில் முடியாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போகவேண்டும். அன்னை பெயரின் முதல் எழுத்து மங்கிவிட்டது, மற்றவை இன்னும் தெரிகின்றன. காவலர் பணிக்கு வயது வரம்பு 23. அவனுக்கு 22 முடியப்போகிறது.