பாதம் சொல்லாததைக் கண் காணட்டும்

செஞ்சிக் கோட்டையின் இராசகிரி சுமார் 800 அடி உயரமுள்ள கற்குன்று. அக்குன்றில் எழுந்தருளியிருக்கும் கமலக்கண்ணியம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. கோடை வெயிலை உண்ட பாறை நண்பகலில் அடுப்பேறிய கல்லெனக் காயும். காலணியைக் களைந்துவிட்டுப் படியேறும் அடியார்களுள் பெரும்பாலோர், சூடு தாளாது நிழல் தேடி ஒதுங்குவர். ஒரு சிலர் மட்டும் சலனமின்றி நடந்து செல்வர். "என்ன பக்தி!" என நாம் வியக்கிறோம். வியக்கும் வேளையில், அவர் பாதம் சூட்டை உணர்கிறதா என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஐம்பொறிகளுள் தோலைத் தமிழ் 'மெய்' என்றது. உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுத்த தொல்காப்பியம், தொட்டு அறியும் அறிவையே முதலாவதாக வைத்தது. வளர்ந்த மனிதரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, உலர்ந்து, உதிர்கின்றன. ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மேல்தோல் இவ்வாறு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. உள்ளங்காலில் அது மிகவும் தடித்தது. ஆயினும் அங்கே எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் இல்லை. ஆகவேதான் குதிகால் எளிதில் வறண்டு வெடிக்கிறது.

தடித்த தோலுக்கும் ஓர் எல்லை உண்டு. தோலின் வெப்பம் 44 பாகை செல்சியஸில் பல மணி நேரம் நீடித்தாலே திசு கெடத் தொடங்கும். வெப்பம் ஏற ஏற அக்காலம் நிமிடங்களாகவும் நொடிகளாகவும் சுருங்கும். அதற்குள் காலை எடுத்துவிடச் செய்வது வலி. அந்தக் காவலர் உறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு உணர்த்தியது நம் தமிழகமே.

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்பதே அந்நாளில் பரவியிருந்த எண்ணம். செங்கற்பட்டிலும் வேலூரிலும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்த அவர் வேறோர் உண்மையைக் கண்டார். நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. பின்னர் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டும், முள் தைத்த காலோடு நடந்தும், உறக்கத்தில் எலி கடித்தும் உண்டாகும் புண்களே விரல்களை அழிக்கின்றன. அப்புண்களுக்கு ஓய்வும் பாதுகாப்பும் தந்தபோது, பிறர் புண்ணைப் போலவே அவையும் ஆறின. இன்று தொழுநோயை 6 முதல் 12 மாத மருந்துகளால் குணப்படுத்தலாம்.

ஆனால் அதே உணர்விழப்பு, நீரிழிவு என்னும் வேறு வாயிலின் வழியே நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, கால்விரல் நுனியிலிருந்து தொடங்கி நரம்புகளை நலியச் செய்கிறது. பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறள்கிறது. இரத்த ஓட்டமும் குன்றலாம். முதுமையில் உள்தோலின் கொலாஜன் இழைகள் குறைந்து தோல் மெலிவதால், காயம் ஆறுதல் இன்னும் தாமதமாகும். முதலில் குருதி உறைந்து, பின் வெள்ளணுக்கள் அழுக்கை அகற்றி, புதுத் திசு வளர்ந்து மூடி, மாதக்கணக்கில் உறுதி பெறுவதே காயம் ஆறும் முறை. அவ்வாறு ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் ஐந்தில் நான்கு பங்கையே எட்டும்.

அமாவாசை இரவில் மேல்மலையனூர் செல்வோரும், அண்ணாமலையை 14 கிலோமீட்டர் வலம் வருவோரும் செஞ்சி வட்டாரத்தில் ஏராளம். நீரிழிவுள்ளவர்கள் அவ்வழிபாட்டைக் கைவிட வேண்டியதில்லை. காலத்தையும் முறையையும் தேர்ந்துகொண்டால் போதும். புறப்படுமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி உணர்ச்சியைச் சோதித்தறிக. பாறையும் பிராகாரமும் குளிர்ந்திருக்கும் விடியற்காலையே உகந்தது. கோயிலுக்கு வெளியே பொருத்தமான காலணியோடு நடக்கலாம். உணர்விழந்த காலுடன் வெறுங்காலில் கிரிவலம் வரத் துணியற்க. ஆணியையும் தடித்த தோலையும் பிளேடால் அறுத்தல் ஆகாது. குதிகாலுக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டா.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுக. பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு எதுவும் இடலாகாது. கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் மூடுக. உணர்விழந்த பாதத்தில் புண் கண்டால், வலியில்லை என்று காத்திராமல் அன்றே மருத்துவரை நாடுக. வலியில்லாமைதான் அங்கே அபாயத்தின் அறிகுறி.

நாள்தோறும் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாகம், குதிகால், விரலிடுக்கு மூன்றையும் விளக்கொளியில் பார்த்தல் வேண்டும். குனிய இயலாத முதியோருக்கு ஒரு கண்ணாடி உதவும்; அதனினும் மேலாக ஒரு பிள்ளையோ மருமகளோ பேரக்குழந்தையோ உதவலாம். பெரியோரின் பாதம் தொட்டு வணங்குதல் நம் குல வழக்கம். பண்டிகையன்று ஒரு கணம் தொட்டு எழும் அவ்வணக்கத்தைத் தினமும் ஐந்து நிமிடப் பணிவிடையாக நீட்டிப்போம். தாயின் குதிகாலில் கண்ட சிறு வெடிப்பும் தந்தையின் விரலிடுக்கில் கண்ட சிவப்பும் உரிய நாளிலேயே மருத்துவரிடம் சென்றால், அடுத்த சித்திரையிலும் அவர்கள் தம் கால்களாலேயே அன்னையின் சந்நிதிக்குப் படியேறுவர்.