சுவரை மட்டும் படம் பிடித்தால் போதுமா?

ஊருக்குள் மூடிக் கிடக்கும் பழைய மில்களைப் போட்டோ எடுக்கும் பழக்கம் வாலிபர்களிடையே வளர்ந்து வருகிறது. சரிந்த கூரை, துருப்பிடித்த கேட், சுவரைப் பிளந்து முளைத்த ஆலங்கன்று! படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. இதைக் கேலி செய்யும் தோழர்களும் நம்மிடையே உண்டு. "கிராஜுவிட்டி பாக்கி வந்த பாடில்லை, பாழடைந்த சுவருக்குப் படம் ஒரு கேடா?" என்கிறார்கள். அவர்களுடைய ஆத்திரம் நியாயமானது. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு தவறு என்பதே நமது கருத்து.

சென்னை பெரம்பூரின் பி அண்ட் சி மில்லை எடுத்துக்கொள்வோம். 1876-ல் பக்கிங்ஹாம் மில். 1881-ல் கர்நாடிக் மில். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. பட்டாளமும் போலீசும் உடுத்திய காக்கித் துணி அங்கே நெய்யப்பட்டது. அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்நின்றார்கள். பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க. தோள் கொடுத்தார். 1921-ல் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் சாதியின் பேரால் தொழிலாளி தொழிலாளியோடு மோதினான். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இந்த வேதனையையும் நாம் மறைக்கக் கூடாது.

1996-ல் மில் மூடப்பட்டது. பிறகு யார் வந்தார்கள்? சினிமாக்காரர்கள் வந்தார்கள்! எத்தனையோ சண்டைக் காட்சிகள் அந்த வெற்றுக் கொட்டகைகளில் படமாகின. கதாநாயகன் உதைத்த உதையில் வில்லன் போய் விழுந்தானே, அந்தத் தூணருகே முப்பது வருஷம் தறி ஓட்டியவர் யார்? எந்தப் படமும் சொல்லவில்லை. அதன் பிறகு மில் நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின.

பம்பாயின் கதையும் இதுவே. 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய நகரம் அது. அங்கே பீனிக்ஸ் மில் இருந்த இடம் இன்று பெரும் கடைவீதி. புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், வந்து போகிறவர்கள் பார்த்து ரசிக்க!

படம் எடுப்பதால் பயனே இல்லையா? உண்டு. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதிகள் 1959 முதல் சுரங்கக் கோபுரங்களையும் இரும்பு உலைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பிடிவாதமாகப் படம் பிடித்தார்கள். பெர்ன்ட் பிறந்த சீகன் வட்டாரமே அவர்களுக்குத் தொடக்கம். டோர்ட்மண்ட் நகரில் சோலர்ன் நிலக்கரிச் சுரங்கத்தின் எந்திரக் கூடத்தை இடிக்க ஏற்பாடானபோது, அவர்களும் மற்றவர்களும் குரல் எழுப்பினார்கள். 1969-ல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. இன்று அது மியூசியம். ஆனால் அவர்களுடைய படங்களில் மனிதர்கள் இல்லை. மேகமூட்டமான நாளில், நிழல் விழாமல், கட்டடம் மட்டும். அது அவர்களுடைய முறை. நமக்கு அது போதாது.

ஏனெனில் மில் கட்டடத்தைப் படிக்கத் தெரிந்தவன் அதில் வேலை செய்தவன்தான். கூரை ஏன் ரம்பப் பல் போல இருக்கிறது? கண்ணாடி ஏன் வடக்கே பார்க்கிறது? நேர் வெயில் விழாமல் நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் வேண்டும், அறுந்த இழை கண்ணில் பட வேண்டும். உயர்ந்த புகைபோக்கி எதற்கு? நீராவி எஞ்சினுக்காக. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகின. கரண்டில் ஓடிய மில்லுக்கு அந்தப் புகைபோக்கி தேவைப்படவில்லை. இதெல்லாம் சுவரிலேயே இருக்கிறது. ஆனால் பஞ்சுத் தூசி தொண்டையை அடைத்ததும், சங்கு ஊதிய பின் ஒரு நிமிஷம் தாமதித்தவனைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பியதும் சுவரில் இல்லை. அவை கிழவர்களின் ஞாபகத்தில் இருக்கின்றன. அந்தக் கிழவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கிராமத்துத் தோழர்களே, இது பட்டணத்து விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் ஊர் பழைய ரைஸ் மில்லையும் பாருங்கள். நெல் அவித்த தொட்டி, காய வைத்த களம். அந்தக் களத்தில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நெல்லைத் துழாவிய பெண்கள் இன்னும் உங்கள் தெருவில் இருப்பார்கள்.

இன்று கையிலுள்ள போனே காமிரா. ஆகவே நாம் சொல்வது இதுதான்: தனியாகப் போகாதீர்கள். அங்கே வேலை செய்த ஒரு பெரியவரை, ரீலிங்கில் இருந்த ஓர் அம்மாளை, அவர்கள் சம்மதித்தால் கூட அழைத்துப் போங்கள். கேட்டுக்குள் விடவில்லையா? வெளியே நின்றே எடுங்கள். கேட் மீட்டிங் நடந்த புளியமரம், கடனுக்கு டீ கொடுத்த கடை, லயன் வீடுகள், எல்லாம் வெளியேதானே இருக்கின்றன! அவர் எந்த இடத்தில் நின்றாரோ அந்த இடத்தில் அவரை நிறுத்தி எடுங்கள். இடம், தேதி, அவர் பெயர், எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஷிப்டு, எத்தனை வருஷம் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி அவர் வீட்டுக்கு. ஒரு பிரதி சங்க ஆபீசுக்கு.