கடைசியா என்ன படிச்சீங்க?

எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. காலை ஏழரைக்கு அங்கே ஐந்து பேர் பசியாறக் கூடுவோம். ஐவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். தோசையும் தே தாரிக்கும் மேசைக்கு வருவதற்குள் ஒருவர் ஆரம்பித்துவிடுவார். “இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க சார் படிக்குதுங்க? எந்நேரமும் போனு, போனு.” மற்ற நால்வரும் தலையாட்டுவோம். ஆட்டி முடித்ததும் ஆளுக்கொரு போனை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிடுவோம்.

எட்டு வருடம் நானும் தலையாட்டியவன்தான். இனி ஆட்டப்போவதில்லை. கைப்பேசி வந்து தமிழ் வாசிப்பைக் கொன்றுவிட்டது என்பது என் தலைமுறை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வசதியான பொய். வாசிப்பு வீட்டைவிட்டுப் போனபோது யார் கையிலும் போன் இல்லை. கதவைத் திறந்து வழியனுப்பி வைத்தவர்கள் நாங்கள்.

முதலில் எங்கள் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். விடிந்தால் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் வரும். அடுத்து, எந்தக் காய் எந்த நோயைத் தீர்க்கும் என்ற பட்டியல். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் சில நொடி நின்றுவிடுகிறது, நாசாவே திகைத்துப்போனது என்ற கட்டுக்கதை எனக்கு எத்தனை முறை வந்திருக்கிறது என்று கணக்கில்லை. அனுப்பியவர்களில் ஒருவர் முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவர். ஒரு பக்கம் முழுதாகப் படித்துச் சந்தேகப்படத் தெரியாத நாங்கள்தான், வாசிப்பில்லாத சமூகம் உருப்படாது என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறோம்.

“எங்க காலத்துல படிச்சோம்” என்பார்கள். சரி, எங்கே அந்தப் புத்தகங்கள்? எங்கள் தலைமுறை கட்டிய வீடுகளின் வரவேற்பறைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடி அலமாரியில் பொம்மை, கோப்பை, பட்டமளிப்பு விழாப் படம் எல்லாம் இருக்கும். தமிழ்ப் புத்தகம் இருந்தால், அது ஏதாவது நூல் வெளியீட்டு விழாவிலிருந்து வந்ததாக இருக்கும். அந்த விழாக்களும் எனக்குத் தெரியும். மேடையில் பொன்னாடை, மாலை. முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒரு பிரமுகர். பிறகு நாங்கள் வரிசையாகப் போய், உறையில் ஐம்பது வெள்ளியை வைத்துக் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு, மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வருவோம். மொய் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எழுத்தாளருக்கு அச்சுச் செலவு வந்துவிடும், வாசகர் மட்டும் வரமாட்டார். என் பின்சீட்டிலும் அப்படி வந்த பதினோரு புத்தகங்கள் கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். மற்றவர்களைத் திட்டுவது சுலபம்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு தமிழ் நாளிதழ் வரும். அதைச் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பது என் வேலை. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்த செய்தியை நான்தான் வாசித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பாதியில் அப்பா “நிறுத்துடா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மொதல்லேர்ந்து வாசி” என்றார். வாசிப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்தப் படியில்தான்.

பிறகு அரசாங்க வேலை, திருமணம், பிள்ளைகள். என் மனைவி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். ஞாயிறு பதிப்புக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பாள். கதையைப் படித்துவிட்டு, சமைத்துக்கொண்டே எனக்குச் சொல்வாள். 1992இல் தாமான் வீட்டுக்கு மாறினோம். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவேண்டுமென்று தமிழ்ப் பத்திரிகையை நிறுத்திவிட்டு ஆங்கிலப் பத்திரிகைக்குச் சொன்னேன். பேப்பர் போடுபவர், “ஞாயிறு மட்டுமாவது தமிழ் போடட்டுமாண்ணே?” என்று கேட்டார். “வேணாம்லா” என்றேன். அவள் உள்ளே நின்றுகொண்டு கேட்டாள். எதுவும் சொல்லவில்லை. அவள் சேர்த்து வைத்திருந்த தொடர்கதைக் கட்டுகளும் என் புத்தகங்களும் அந்த வருடமே பழைய பேப்பர் லோரியில் ஏறின. அன்று மிச்சமானது மாதத்துக்குச் சில வெள்ளி.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனபோது, எங்கள் மேசையில் ஐந்து பேரும் துக்கம் கொண்டாடினோம். கடைசியாக அதைக் காசு கொடுத்து எப்போது வாங்கினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது என் மனைவிக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. மகள் அவள் போனில் என்னவோ செய்து கொடுத்தாள். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சிறுகதைகள் ஓடுகின்றன. யாரோ ஒருவர் நிதானமாக வாசிக்கிறார். போன மாதம் ஒரு நாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இதெல்லாம் ஒரு வாசிப்பா? சும்மா காதுல போட்டுக்கிட்டு” என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“படிக்கட்டுல ஒக்காந்து நீங்க வாசிச்சீங்களே, ஒங்கப்பா காதாலதானே கேட்டாரு? அப்ப அது என்னா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அவளே தொடர்ந்தாள். “எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுனா இந்த வீட்டுல?”

முப்பது வருடத்துக்கு முன் நான் நிறுத்திய பத்திரிகையை, நான் திட்டிக்கொண்டிருந்த போன் அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

தொழில்நுட்பம் தமிழை அழிக்கும் என்று இந்த நாட்டில் இருந்துகொண்டு பேசுவதற்கு நமக்கு வெட்கமாக இருக்கவேண்டும். கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலையும், கைப்பேசியில் எழுதச் செல்லினத்தையும் உருவாக்கியவர் முத்து நெடுமாறன், நம் ஊர்க்காரர். மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998இலிருந்து சங்கப் பாடல் முதல் நவீன எழுத்து வரை வலையேற்றி, இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறார்கள். என் அப்பாவின் லயத்துக்கு ஒரே ஒரு பேப்பர் வந்தது. இன்று ஒரு நூலகமே எங்கள் ஐந்து பேர் சட்டைப்பையிலும் இருக்கிறது. நாங்கள் அதில் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

போன் கவனத்தைச் சிதறடிக்காதா என்று கேட்பீர்கள். சிதறடிக்கும். என் கவனத்தையே அது தின்கிறது. சின்ன வயதில் கையில் போன் கிடைத்த உங்களுக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தச் சண்டையை நீங்கள்தான் போடவேண்டும். ஆனால், அதைக் காட்டி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தகுதி எங்களுக்குக் கிடையாது. வாசிக்கும் அப்பனையோ அம்மாவையோ பார்க்காமல் வளர்ந்த பிள்ளை, போன் இல்லாவிட்டாலும் வேறு எதையாவதுதான் பார்த்துக்கொண்டிருக்கும். என் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களுக்கு அது தொலைக்காட்சியாக இருந்தது.

ஆகவே தம்பிமார்களே, தங்கைமார்களே, அடுத்த முறை கலியாண வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு பெரியவர் உங்கள் போனைக் காட்டிப் பெருமூச்சு விட்டால், மரியாதையாகவே ஒரு கேள்வி கேளுங்கள். “நீங்க கடைசியா என்ன படிச்சீங்கய்யா?” கோபப்படுவார். படட்டும்.

என்னைக் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். பின்சீட்டில் கிடந்த பதினொன்றில் ஒன்றைப் போன வாரம் பிரித்தேன். உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்பு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உரக்க வாசிக்கிறேன். குரல் முன்போல் இல்லை, நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது கதை நன்றாக இல்லை என்று அவள் பாதியிலேயே சொல்லிவிட்டாள். அந்த எழுத்தாளருக்குக் கிடைத்த முதல் விமர்சனமே அதுவாக இருக்கலாம்.