விதி மாறவில்லை, வாயில் ஒடுங்கிற்று

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றங்களுக்கான குடியியல் நடைமுறை விதிகள் 1938இல் அமுலுக்கு வந்தன. வழக்காளி தன் கோரிக்கையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எடுத்துரைத்தாற் போதும் என்பது எட்டாம் விதி. தம்மைக் கைவிட்ட தொழிற்சங்கத்தின்மீது ரெக்சாஸ் மாநிலத்துக் கறுப்பினப் புகையிரதத் தொழிலாளர் தொடுத்த வழக்கிலே, 1957இல் உயர் நீதிமன்றம் அவ்விதிக்கு விரிந்த பொருள் கொடுத்தது. எளியோனுக்கும் வாயில் திறந்தது.

அதே மன்று 2007இலும் 2009இலும் அளித்த தீர்ப்புகளால் அவ்வாயிலை ஒடுக்கிவிட்டது. கோரிக்கை நம்பத்தக்கது எனக் காட்டும் விபரங்கள் முறைப்பாட்டிலேயே இருத்தல் வேண்டுமாம்! ஆதாரங்களோ பெரும்பாலும் எதிராளியின் கையில். வழக்கு நிலைத்தாலன்றி அவற்றைக் கேட்டுப் பெறுதலும் அரிது. இது என்ன நியாயம்?

விதியின் வாசகமோ மாறவில்லை. ஆகவே விதிநூலை மட்டும் நம்பிய சட்டத்தரணி ஏமாறுவார். இழப்பு அவரை நம்பியவனுக்கே. 2015இல் வந்த திருத்தமும் எதிராளிக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கும் தவணையை 120 நாட்களிலிருந்து 90 நாட்களாகக் குறைத்தது. ஆனால் அது வரைவாகப் பிரசுரிக்கப்பட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டு, காங்கிரசின் முன் வைக்கப்பட்ட பின்னரே வந்தது. அதுவே நேர்வழி.

மாறும் சட்டத்தைக் கற்பது சட்டத்தரணியின் கடன்; மாற்றத்தைப் பகிரங்கமாகச் செய்வது மன்றின் கடன். முன்னது தவறினால் ஒரு வழக்குத் தோற்கும். பின்னது தவறினால் நீதியே தோற்கும்.