அம்மா தைத்த பிள்ளைச் சட்டை



என் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லக்கலவுக்குப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மருமகனுக்கு அங்கே அரசாங்க உத்தியோகம். மாத்தளை மாவட்டம் எனக்குப் புதியதல்ல. என் அம்மா மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் எங்களையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். அப்போது எனக்கு ஏழு வயது.

மகள் ஆஸ்பத்திரிப் பையை ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். நப்பி, துவாய், கடையில் வாங்கிய சட்டைகள் எல்லாம் அடுக்கியிருந்தாள். திடீரென்று, "அம்மா, நான் பிறந்தபோது போட்ட சட்டை எப்படியிருந்தது?" என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை. என் அம்மா கையால் தைத்த சட்டை அது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும் தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். 2009இல் முள்ளிவாய்க்காலில் பெட்டியையே விட்டுவிட்டு வந்தேன். அவள் குழந்தையாய் இருந்த படம்கூட எங்களிடம் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அக்கா இருந்தார். இப்போதுள்ள லக்கல நகரம் புதிதாகக் கட்டியது. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரமும் வயல்களும் வீடுகளும் நீருக்குள் போயின. 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். 2019இல் புதிய நகரம் திறக்கப்பட்டது. அக்காவின் வீடும் அந்த நீருக்கு அடியில்தான் கிடக்கிறது.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மகள் கேட்டதைச் சொன்னேன். அக்கா உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்துடன் வந்தார். தன் மூத்த மகனுக்கு அவருடைய அம்மா தைத்த சட்டை. வெள்ளை மல் துணி மஞ்சளேறியிருந்தது. கழுத்துப்பட்டி இல்லை, பொத்தான் இல்லை. பின்பக்கம் திறப்பு. நெஞ்சிலே சங்கிலித் தையலில் ஒரு கோழிக்குஞ்சு. தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம். பிள்ளையின் மேலில் உராயக்கூடாதென்று என் அம்மாவும் அப்படித்தான் தைப்பார்.

பொட்டலத்தில் ஒரு சிறு வெள்ளிப் பதக்கமும் இருந்தது. "பஞ்சாயுத" என்றார் அக்கா. சங்கு, சக்கரம், வாள், கதை, வில் என்று ஐந்தும் அதில் இருந்தன. நம் பழைய நூல்கள் ஐம்படைத்தாலி என்று சொல்வதும் இதைத்தான். பிள்ளைக்குத் தீங்கு வரக்கூடாதென்று இரண்டு பக்கத்துத் தாய்மாரும் ஒரே காவலைத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சட்டையைக் கையில் வாங்கியபோது எனக்குப் பொறாமை வந்தது. வீடு மூழ்கப் போகிறதென்று அவருக்கு முன்பே தெரியும். மூட்டை கட்ட நாள் இருந்தது. எங்களுக்கு அது இருக்கவில்லை. அக்காவுக்கு என் முகம் விளங்கியிருக்க வேண்டும். "நங்கி, கொண்டுபோய் அளவெடுத்து வெட்டு" என்றார்.

மகளின் பழைய பருத்திச் சேலையில் வெட்டினேன். விரும்புகிறவர்களுக்காக அளவைத் தருகிறேன். நீளம் 11 அங்குலம், குறுக்கே 10 அங்குலம், கை 3 அங்குலம். துணியை இரண்டாக மடித்து, மடிப்புத் தோளில் வரும்படி உடலையும் கையையும் ஒரே துண்டாக வெட்டுங்கள். பின்பக்கம் நடுவே மேலிருந்து கீழ்வரை பிளந்து ஓரம் மடியுங்கள். பல தடவை தோய்த்த பருத்தியே நல்லது. புதுத்துணியானால் கஞ்சி போக இரண்டு மூன்று தரம் அலசுங்கள்.

பழைய முறையில் ஒன்றை மட்டும் மாற்றினேன். அந்நாளில் கழுத்திலே நாடா கட்டுவோம். அது எங்காவது மாட்டினால் பிள்ளைக்கு மூச்சடைக்கும். அமெரிக்காவில் 1996இலும் ஐரோப்பாவில் 2004இலும் பிள்ளைகளின் உடையில் கழுத்து நாடாவுக்கு எதிராக வழிகாட்டல்கள் வந்தன. ஆகவே கழுத்தில் நாடா வேண்டாம். முதுகின் நடுவில் ஒரு குட்டை நாடாவை இறுக்கித் தைத்தால் போதும். பிடுங்கி விழுங்கக்கூடிய மணி, பொத்தான் எதுவும் வேண்டாம்.

1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியது முதல் கிராமத்துப் பெண்கள் பலர் உலகத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறார்கள். போருக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நம் பெண்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒருத்தி கையை மட்டும் பொருத்துவாள், இன்னொருத்தி ஓரத்தை மட்டும் அடிப்பாள். முழுச் சட்டை ஒருத்தியின் கையில் வருவதில்லை. அப்படி வேலை செய்யும் சகோதரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளைக்கென்று ஒரு முழுச் சட்டை தைத்துப் பார்க்கட்டும்.

நான் தைத்தது மூன்று. தைக்கத் தைக்கத்தான் அம்மாவின் சட்டை என் கைக்கு நினைவு வந்தது. நெஞ்சில் அவர் போட்டது கோழிக்குஞ்சு அல்ல, தேயிலைக் கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டும். மூன்றாவது சட்டையில் அதைப் போட்டேன். மகள் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதானா அம்மா?" என்றாள். "இதுதான்" என்றேன்.

பேத்தி முப்பத்தோராம் நாள் அதைத்தான் போட்டிருந்தாள். அக்கா வந்து தூக்கி வைத்துக்கொண்டார். இம்முறை படமும் எடுத்துக்கொண்டோம்.

சகோதரிகளே, உங்கள் அம்மா தைத்த பிள்ளைச் சட்டையில் என்ன இருந்தது? பூவா, கிளியா, வெறும் தையலா? நினைவு வந்தால் எழுதி அனுப்புங்கள்.