சண்டிகர் கதிரையில் எது அசல்?

கொழும்பில் ஒரு தளபாடக் கடையில் கடந்த மாதம் ஒரு கதிரையைப் பார்த்தேன். தேக்கில் செய்த சட்டம், பிரம்பு இருக்கை, தலைகீழாக வைத்த ‘வி’ எழுத்தைப் போல விரிந்த கால்கள். கைப்பிடியில் தொங்கிய அட்டையில் ‘சண்டிகர் – ஒரிஜினல் டிசைன்’ என்று எழுதி, எனது மாத வாடகையைவிடக் கூடிய விலையைப் போட்டிருந்தார்கள். படத்தை மொறட்டுவையில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் சொன்ன விலை அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு அசலா, பிரதியா என்பது பழகிய குழப்பம். ஆனால் இந்தக் கதிரை விடயத்தில் அதற்கு முன்னரே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அசல் என்று எதைச் சொல்கிறார்கள்?

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப்புக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. நேருவின் அரசு கட்டடக் கலைஞர் லே கோர்பூசியேயை அழைத்தது. அவரது ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜனெரே 1951இல் வந்து 1965 வரை சண்டிகரிலேயே தங்கி வேலை செய்தார். புதிய செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகங்கள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேசையும் கதிரையும் வேண்டியிருந்தன. ஜனெரேயும் அவருடன் பணியாற்றிய யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைபடங்களைப் போட்டார்கள். பல்வேறு உள்ளூர்ப் பட்டறைகளின் தச்சர்கள் அவற்றைச் செய்து கொடுத்தார்கள். ஈரத்துக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடிப்பது என்பதால் தேக்கு. காற்றோட்டத்துக்குப் பிரம்பு.

அதனால்தான் இந்தக் கதிரைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கைப்பிடியின் அகலம், காலின் சரிவு, பிரம்பின் பின்னல் எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறின. செய்த தச்சரின் பெயர் எதிலும் இல்லை. இருப்பது அரசாங்கத் திணைக்களம் வர்ணத்தில் எழுதிய இருப்பு இலக்கம் மட்டுமே. நமது கச்சேரிகளில் பழைய மேசைகளின் பக்கவாட்டில் வெள்ளை மையில் எழுதியிருப்பார்களே, அதே போல.

காலப்போக்கில் பிரம்பு கிழிந்தது, கால்கள் ஆடின. அலுவலகங்களுக்குப் பிளாஸ்டிக்கும் இரும்பும் வந்தன. பழையவை மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்து, கழிவுப் பொருளாக அரசாங்க ஏலத்தில் சில நூறு ரூபாய்க்குப் போயின. 1990களின் இறுதியிலிருந்து பிரெஞ்சு வியாபாரிகள் அவற்றை மொத்தமாக வாங்கத் தொடங்கினார்கள். பாரிஸில் திருத்தி, மெருகூட்டி, படம் எடுத்துப் புத்தகமும் போட்டார்கள். இன்று பாரிஸ், லண்டன், நியூயோர்க் ஏலங்களில் ஒரு சோடிக் கதிரைக்குப் பல ஆயிரம் டொலர் கொடுக்கிறார்கள். ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் எடுத்த படம் இந்தப் பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது. செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் ஆரம்பித்து, ஏலக்கூடம், பட்டறை, கப்பல் எனத் திரும்பி வந்து சண்டிகரில் முடிகிறது.

இந்தியா 2011இல் விழித்துக்கொண்டது. இந்தத் தளபாடங்களை விற்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டாம் என உள்துறை அமைச்சு அறிவுறுத்தியது. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் நூறு வருடம் பழையதாக இருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. இந்தக் கதிரைகளுக்கு அந்த வயது வரவில்லை. தவிரவும், வெளியே போனவற்றில் பல அரசாங்கமே பற்றுச்சீட்டுக் கொடுத்து விற்றவை. சண்டிகர் ஆர்வலர்கள் ஒவ்வொரு ஏலத்துக்கும் எதிராகக் கடிதம் எழுதுகிறார்கள், ஏலமும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே ஏலத்தில் ‘அசல்’ என்று விலைபோவது மரமல்ல. இந்தக் கதிரை இன்ன கட்டடத்தில் இருந்தது, இன்ன வருடம் ஏலம் போனது என்று சொல்லும் கடதாசிதான். கடதாசிக்கு விலை வந்ததும் போலியும் வந்தது. பழைய தேக்கில் புதிதாகச் செய்து, இருப்பு இலக்கத்தையும் எழுதி விற்கிறார்கள். எனக்குப் பிரதியில் ஆட்சேபம் இல்லை, இதில் உண்டு. பிரதி தன்னைப் பிரதி என்றே சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் பதிவு செய்யாத ஒரு வடிவமைப்பைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால் அதற்குப் பதிப்புரிமை இல்லை. பெங்களூரின் பாண்டம் ஹாண்ட்ஸ் நிறுவனம் இதே கதிரைகளைத் தன் பெயரில் செய்கிறது. இத்தாலியின் கஸ்ஸினா 2019இல் ஜனெரேக்கு அஞ்சலி என்று ஒரு தொகுப்பையே வெளியிட்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்த கைத்தொழில் வடிவமைப்புக்கு ஐந்து வருடப் பாதுகாப்பு. இரண்டு தடவை புதுப்பித்தாலும் மொத்தம் பதினைந்து வருடம்தான். பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கு பெருமளவில் உற்பத்தியாகும் கலைப் பொருளுக்கு முன்னர் 25 வருடப் பாதுகாப்பே இருந்தது. 2016 ஜூலையில் அதை மாற்றி, வடிவமைத்தவரின் ஆயுளுடன் மேலும் 70 வருடம் என்றாக்கினார்கள். லண்டனில் இருக்கும் உறவினர் மலிவுப் பிரதி ஒன்றை இணையத்தில் வாங்கப் போனால் இதைச் சொல்லி வையுங்கள்.

எல்லாக் கதிரைக்கும் இந்த நியாயம் பொருந்தாது. சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1956இல் வடிவமைத்த சாய்வுக் கதிரையை அமெரிக்காவில் ஹேர்மன் மில்லர் நிறுவனம் அன்றிலிருந்து இன்றுவரை செய்துவருகிறது. அதற்கு அசல் என்று ஒன்று உண்டு, உதிரிப்பாகமும் கிடைக்கும். மலிவுப் பிரதியில் வளைத்த பலகை பிளந்தால் யாரிடம் போவது? அங்கே பிரதி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசலுக்குக் காசு இல்லையென்றால் வேறு நல்ல கதிரை ஒன்றை வாங்கலாம்.

சண்டிகர் கதிரையோ தச்சர் கையில் பிறந்தது. அதைப் பார்த்து வாங்குவதும் தச்சு வேலையைப் பார்த்துத்தான். கதிரையைத் தலைகீழாகத் திருப்புங்கள். கால்களைப் பொருத்திய இடத்தில் ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கியிருக்கிறார்களா, இல்லை ஆணியும் பசையுமா? பிரம்பைச் சட்டத்தில் துளையிட்டுக் கையால் பின்னியிருந்தால் துளைகள் அடியில் தெரியும். ஆயத்தமாகப் பின்னிவரும் விரிப்பைப் பள்ளத்தில் வைத்து அழுத்தியிருந்தால் தெரியாது. இரண்டும் பாவிக்கலாம், ஆனால் ஒரே விலையல்ல. மரம் முழுத் தேக்கா, மேலே ஒட்டிய மெல்லிய தோலா என்பதை வெட்டுமுனையில் பாருங்கள்.

கொழும்புக் கடையில் நான் திருப்பிப் பார்த்தேன். ஆணி. விற்பனையாளர் ‘அதைத் திருப்ப வேண்டாம்’ என்றார்.

மொறட்டுவைத் தச்சரிடம் இரண்டு கதிரைக்கு முற்பணம் கொடுத்திருக்கிறேன். படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, “மல்லி, இந்தக் கைப்பிடி உங்களுக்கு உயரம் கூட, ஒரு அங்குலம் குறைக்கிறேன்” என்றார். வேலை முடிந்ததும் இருக்கைக்கு அடியில் பெயரை எழுதித் தாருங்கள் பாஸ் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பெயர் எதற்கு, போன் நம்பரை எழுதுகிறேன், பிரம்பு கிழிந்தால் கூப்பிடலாம் என்றார்.