நாட்டைக் காத்தவர் மனைவி நாலு ஊர் அலைவதா?

திருப்பத்தூர் பஸ் நிலையம். காலை 6 மணி. மதகுபட்டி வழியாகப் போகும் சிவகங்கை பஸ்சுக்காக ஒரு மூதாட்டி காத்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பட்டாளத்துக் காகிதங்கள்.

"எங்கே அப்பத்தா, இவ்வளவு காலையில?" என்று கேட்டேன்.

"ஆபீசுக்குத்தான் அப்பு. இது ஆறாவது நடை" என்றார்.

கணவர் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து 7 மாதம் ஆகிறது. குடும்ப பென்ஷன் இன்னும் வரவில்லை. காரணம் என்ன தெரியுமா? பெயர்!

பட்டாளத்துக் காகிதத்தில் முழுப்பெயர். ஆதார் அட்டையில் ஊரில் கூப்பிடும் பெயர். நம்ம பக்கத்தில் மீனாட்சியை மீனாள் என்போம். பிறந்ததில் இருந்து அப்படித்தான். அது நாசிக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா?

நாசிக் எங்கே வந்தது என்கிறீர்களா? பீரங்கிப் படையின் ரெக்கார்டு ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது. சிக்னல் படை என்றால் ஜபல்பூர். ஈ.எம்.இ. என்றால் செகந்திராபாத். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்காரர் வீடு என்றால் கொஞ்சம் தப்பித்தது, நீலகிரி வெலிங்டனிலேயே ஆபீஸ். பெயரை அங்கே திருத்த வேண்டும். பிறகு பிரயாக்ராஜில் உள்ள ராணுவ பென்ஷன் அலுவலகம் திருத்திய உத்தரவு போட வேண்டும். வாரிசுச் சான்று தாசில்தாரிடம். மனுவுக்கு வழிகாட்ட சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கைரேகைக்கு சேவை மையம். பணம் வாங்க பேங்க். படித்த எனக்கே தலை சுற்றுகிறது!

அப்பத்தாவிடம் யாரும் லஞ்சம் கேட்கவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. "இது எங்க வேலை இல்லம்மா, அங்கே போங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவரவர் அளவில் அது சரியான பதில். அத்தனை சரியான பதிலும் சேர்ந்து ஒரு கிழவியை 6 தடவை பஸ் ஏற வைத்திருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ராணுவ பென்ஷனை 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றியபோது என்ன நடந்தது? 2022 ஏப்ரல் மாத பென்ஷன் 58 ஆயிரம் பேருக்கு மேல் உரிய நாளில் வரவில்லை. அவர்களுடைய ஆண்டுச் சான்று விவரம் பேங்குகளில் இருந்து வந்து சேரவில்லை என்று ராணுவ அமைச்சகமே சொன்னது. கூச்சல் கிளம்பிய பிறகு மே 4-ந் தேதி பணம் போட்டார்கள். இரண்டு ஆபீஸ் பேசிக்கொள்ளாததற்கு பட்டினி கிடப்பது மூன்றாவது ஆளா?

திட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை. பென்ஷன் இல்லாத 65 வயது தாண்டிய படைவீரருக்கும் விதவைக்கும் டெல்லி வாரியம் தரும் உதவித்தொகை 2025 நவம்பரில் இருந்து மாதம் 8 ஆயிரம் ரூபாய். முன்பு 4 ஆயிரம். தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மானியம் என்று 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை 2024 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ஒன்று டெல்லி, ஒன்று சென்னை. எதற்கு எங்கே மனு போடுவது என்று திருப்பத்தூர் சந்தையில் கேட்டுப் பாருங்கள்.

போலீஸ் நிலையத்தில் தினம் நிற்பவன் நான். அங்கே 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என்று ஒன்று உண்டு. குற்றம் எந்த ஊரில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்லை" என்று சொல்லக்கூடாது. பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலேயே இது இருக்கிறது. பறிகொடுத்த நகைக்கு இந்த வசதி. பட்டாளத்துக்காரன் பென்ஷனுக்கு ஏன் கூடாது? மனு ஒரு இடத்தில் கொடுத்தால் போதும், காகிதம் நடக்கட்டும். கிழவி ஏன் நடக்கணும்?

மாவட்ட படைவீரர் வாரியத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். தாசில்தாரும் அவர் சொன்னால் வருவார், பேங்க் மானேஜரும் வருவார். மாதம் ஒரு நாள் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கட்டும். நாசிக்குக்கும் பிரயாக்ராஜுக்கும் கடிதம் அந்த மேஜையில் இருந்தே போகட்டும். மனு கொடுத்தவர் கையில் ஒரு நம்பர் இருக்கட்டும்.

மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட ஊர் இது. அக்டோபர் 24-ந் தேதி மாலை போட வரும் கார்களுக்கு இங்கே இடம் போதாது. அன்று வரும் அதிகாரிகள் அரை மணி நேரம் கூட இருந்து இந்த மஞ்சள் பையைப் பார்த்தால் என்ன?

பஸ் வந்துவிட்டது. கை கொடுத்து ஏற்றிவிட்டேன். ஆதாரில் பேரை மாற்றிவிடலாமே என்றேன். "அதை மாத்துனா ரேஷன் கார்டையும் மாத்தணும்னு சொல்றாக" என்றார். பிறகு ஜன்னல் வழியே கேட்டார்:

"பேப்பர்ல போடுறேங்கிறியே அப்பு, அதை எந்த ஆபீஸ்ல கொண்டு போய்க் காட்டணும்?"